மாப்பிள்ளை முடித்துக்கொடுத்த ஆட்டம்

என் அண்ணியைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. “நல்ல பொம்பளைதான். அந்தப் போன் பைத்தியம் மட்டும் இல்லேன்னா...” என்று இழுப்பார்கள். இழுப்பவர்கள் கையிலும் போன்தான் இருக்கும். அதைச் சுட்டிக்காட்டினால் என் மேல் பாய்வார்கள். பாயட்டும். நான் அண்ணி கட்சி. நடுநிலையை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் அண்ணியும் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறோம். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் கண்ணாடியில் எப்போதும் ஆவி படிந்த ஒரு நீளக் கூடம். ஆள் உயரத்துக்குத் துவைக்கும் இயந்திரங்கள், அவற்றுக்கு எதிரே உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் மடிக்கும் மேசை. அண்ணிதான் முதலில் அங்கே சேர்ந்தாள். என் கல்யாணம் ஊற்றிக்கொண்டு நான் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, மற்றவர்கள் எல்லாம் எனக்கு ஆறுதல் சொல்ல, அண்ணி மட்டும், “உக்காந்து மூக்கைச் சிந்திட்டு இருக்காத. நாளைக்கு என்கூட வா. பெட்ஷீட் மடிக்க எதிர்ல ஒரு ஆள் வேணும்” என்றாள். அன்றிலிருந்து எதிரில் நிற்கும் ஆள் நான்.

படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, பாதியாக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கையில் இருப்பதை ஒப்படைக்க வேண்டும். பிறகு குனிந்து மடிப்பு விழுந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி விலக வேண்டும். நாள் முழுக்க நெருங்குவதும் விலகுவதுமாக இருந்ததில் எங்கள் பேச்சும் அப்படியே பழகிவிட்டது. முக்கியமான சங்கதிகளைக் கிட்டே வரும்போது சொல்லிக்கொள்வோம். திட்டுவதெல்லாம் விலகும்போது.

வேலைக்கு அண்ணியின் ஸ்கூட்டரில்தான் போவோம். அவள் ஓட்டுவாள், நான் பின்னால். நிதானமான கை. ஆனால் வண்டியை வளைத்துத் திருப்பும் இடம் வந்தால் போதும், ஒரு காலைத் தரையில் இறக்கித் தேய்த்துக்கொண்டே போவாள். அவளுடைய வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். “எதுக்கு அண்ணி காலை இறக்குறீங்க? வண்டி பாட்டுக்குத் திரும்பப் போகுது” என்று பலமுறை கேட்டிருக்கிறேன். “பழக்கம்” என்பாள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

அந்த விளையாட்டு எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது உலர்த்தும் இயந்திரங்கள் பழுதான ஒரு வாரத்தில். மெக்கானிக் வரும்வரை சும்மா உட்காரச் சொன்னார்கள். அண்ணிக்குச் சும்மா உட்கார வராது. அண்ணியின் மகள் புதுப் போன் வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய போன் ஒன்று, மூலையில் கீறல் விழுந்தது, அண்ணியிடம் இருந்தது. அதில் மகள் விட்டுப்போன விளையாட்டு ஒன்றைத் தட்டித் திறந்தாள். திரையில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் பல நிறத் தண்ணீர் அடுக்கடுக்காக இருக்கும். மேலே இருக்கும் நிறத்தை மட்டும்தான் ஊற்ற முடியும், அதுவும் அதே நிறத்தின் மேலேயோ காலிக் குழாயிலேயோதான். கடைசியில் ஒவ்வொரு குழாயிலும் ஒரே நிறம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் விளையாட்டு ஒரு பெயர் கேட்டது. அண்ணி, “சும்மா ஏதாவது போடு” என்றாள். நான் ‘சும்மா’ என்றே அடித்துவிட்டேன். அதனால்தான் அந்த விளையாட்டின் வாராந்திரப் பட்டியலில், முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவில், ‘சும்மா’ என்றொரு ஆள் மெல்ல மெல்ல மேலே ஏறினாள். குறைவாக ஊற்றி முடித்தால் அதிகப் புள்ளி. கொஞ்ச நாளில் அண்ணிக்கு மேலே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பூனைப் படம் வைத்த யாரோ. எந்த நாடோ, ஆணோ பெண்ணோ தெரியாது. அண்ணிக்கு அது வெறும் ‘அந்தப் பூனை’. “நேத்து அந்தப் பூனை தூங்கவே இல்ல போல, எங்கயோ போயிடுச்சு” என்று மடிப்புக்கு நடுவே சொல்வாள். சொந்தக்காரர்களைப் பற்றிக்கூட அவள் இவ்வளவு விசாரித்ததில்லை.

பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு கிரீடம் இருக்கும். அது ஒருமுறைகூட உதவி வாங்காதவர்களுக்கு மட்டும் கொடுப்பது. மாட்டிக்கொண்டால் விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு காலிக் குழாயைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம். எல்லோரும் வாங்குவார்கள். வாங்கினால் கிரீடம் போய்விடும், அதன் பிறகு திரும்பக் கிடைக்காது. பூனைக்குக் கிரீடம் உண்டு. அண்ணிக்கும் உண்டு. புள்ளியில் பூனை முந்தினால் சிரித்துக்கொள்ளும் அண்ணி, அந்தக் கிரீடத்தை மட்டும் தினமும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். மாட்டிக்கொண்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மறுபடி மாட்டினால் மறுபடி முதலிலிருந்து.

அண்ணனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. “இந்த வயசுல சின்னப் பிள்ளை மாதிரி இது என்ன?” என்பான். அவன் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, என்றோ ஆடி முடித்த மேட்சைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவன். அண்ணி தலையை நிமிர்த்தாமலே, “முடிஞ்சு போன மேட்ச்சைத் தினமும் பாக்குறீங்களே, இன்னைக்காவது ஜெயிச்சிடுவாங்கன்னா?” என்று கேட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். வேலையிடத்தில் சூப்பர்வைசருக்கும் இதே கதிதான். இயந்திரம் ஓடும் நேரத்தில் போன் கூடாது என்று அவர் வந்து நின்றபோது, “ஆம்பளைங்க அந்த நேரத்துல வெளிய போய் ஊதிட்டு வர்றாங்களே சார், அது கூடுமா? நான் இங்கயேதான் இருக்கேன். மெஷின் நின்னா முதல்ல எந்திரிக்கிறது நான்தான்” என்றாள். உண்மை என்பதால் அவர் இயந்திரத்தைச் சரிபார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்படியே இரண்டு வருஷம். பிறகு வந்தது அந்த லெவல்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எண் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் வாரக்கணக்கில் எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. பதினான்கு குழாய்கள், காலியாக இருப்பது ஒன்றே ஒன்று. எப்படிப் போனாலும் கடைசியில் பச்சை மஞ்சளுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பூனை அதைத் தாண்டிப் போய்விட்டது. அப்படியென்றால் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று அண்ணிக்கு வெறி. மடிக்கும்போது என்னை நோக்கி நடந்து வருவாள், முனையைக் கொடுப்பதற்குப் பதில் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள். “அண்ணி, கை.” “ம்? ஆங்.” கண் மட்டும் எங்கேயோ குழாய்களுக்குள் இருக்கும்.

அப்போதுதான் அந்த வாத்து விஷயம் நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டுக்கு ஒரு நிறம். ஆண்கள் வார்டுக்கு நீலம், பெண்கள் வார்டுக்குப் பச்சை, பிரசவப் பகுதிக்கு ரோஸ், குழந்தைகள் வார்டுக்கு வாத்துப் படம் போட்ட மஞ்சள். மடித்ததை நிறம் பிரித்துத் தள்ளுவண்டிகளில் அடுக்கி வைப்போம். வண்டியில் மேலே இருப்பதைத்தானே முதலில் எடுக்க முடியும்? ஒரு மதியம் அண்ணி அந்த வண்டிகளையே நின்று பார்த்தாள். “ஏய், இது அதேதான்டி” என்றாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, கூட நின்று தூக்கிக் கொடுத்தேன். அந்த லெவலில் மாட்டிக்கொள்ளும் மூலையை மட்டும் வண்டிகளில் அப்படியே அடுக்கினோம். நீலத்துக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்குக் கீழ் பச்சை என்று நிஜ விரிப்புகளை வைத்து அண்ணி ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி ஆட்டத்தில் என்னையும் அழைத்துக்கொண்டு கை கழுவப் போனாள். திரும்பி வந்தால் வண்டிகளைக் காணோம். வார்டுக்கு எடுத்துப் போகும் ஆள் வழக்கம்போல வந்து தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஆண்கள் வார்டில் மீசை வைத்த மாமாக்கள் எல்லாம் வாத்துகளின் மேல் படுத்திருந்தார்கள். ஒருவர், குடல்வால் ஆபரேஷன் ஆனவர், சிரிக்க முடியாமல் தையலைப் பிடித்துக்கொண்டு நர்ஸைத் திட்டினாராம். சூப்பர்வைசர் முகம் சிவக்க இறங்கி வந்து, “யார் பண்ணது இது?” என்று கத்தினார். “நான்தான் சார்” என்று அண்ணி முன்னால் வந்தாள். ஒரு சாக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாடியாக வண்டியைத் தள்ளி, ஒவ்வொரு கட்டிலாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். வேலை நேரத்தில் போன் அவருடைய மேசை டிராயருக்குள் போயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எச்சரிக்கையும் வந்தது.

சூப்பர்வைசரும் அண்ணனும் முடி வெட்டிக்கொள்வது ஒரே கடையில். அந்த வாரக் கடைசியில் சங்கதி வீடு வந்து சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருவது வழக்கம். அன்று சாப்பாட்டுக்கு முன்னாலேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. “வாத்து வந்து படுத்துக்கிச்சாம்ல ஆஸ்பத்திரியில” என்று அண்ணன் எடுத்துக் கொடுத்தான். மகள் அழாத குறையாக, “அம்மா, அந்தக் கேமை எடுத்துடும்மா. வேலை போயிட்டா என்னம்மா பண்ணுவ?” என்றாள்.

“வேலைல தப்புப் பண்ணேன். மாடி மாடியா ஏறிச் சரி பண்ணிட்டும் வந்தேன். விளையாடினது தப்புன்னு எந்த டாக்டர் சொன்னாரு?”

“இதுல என்னம்மா இருக்கு உனக்கு?”

“உங்கப்பாவுக்கு டிவியில என்ன இருக்குன்னு என்னைக்காவது கேட்டியா?” என்று சொல்லிவிட்டு, அண்ணி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். போன் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. அதற்குப் பூட்டு எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் எதற்குத்தான் பூட்டு?

மாப்பிள்ளை தங்கமான மனிதர். பேங்கில் வேலை. யாராவது கஷ்டப்படுவதைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மாடிப்படியில் முன்பின் தெரியாதவரின் பையைக்கூட வாங்கித் தூக்கி வருவார், அவர் திருடன் என்று நினைத்துப் பயந்தாலும் விடமாட்டார். அண்ணி அந்த ஒரு லெவலில் மாட்டிக்கொண்டதால்தானே இத்தனை ரகளை, அதை முடித்துக் கொடுத்துவிட்டால் வீட்டில் நிம்மதி வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் சமையலறையில் இருந்தேன். ஏதோ சோப்பு விளம்பரப் பாட்டு கேட்டது. டிவி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பாட்டு, அப்புறம் வரிசையாக இன்னும் சில. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கரண்டியோடு ஓடிவந்தேன்.

வந்து பார்த்தால் திரையில் வண்ணக் காகிதம் கொட்டிக்கொண்டிருக்கிறது. “ரெண்டு குழாய் எக்ஸ்ட்ரா வாங்கினேன், முடிஞ்சிடுச்சு!” என்றார் மாப்பிள்ளை. சும்மா சொல்லக் கூடாது, சூட்டோடு சூடாக அடுத்த மூன்று லெவலையும் அதேபோல வாங்கி முடித்திருந்தார். மகள் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்பாடா, விட்டது சனியன்” என்றான். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“அத்தை, கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க” என்றார் மாப்பிள்ளை. தலையில் துண்டு கட்டியிருந்த அண்ணி, சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

திறந்து பார்த்தாள். பட்டியலுக்குப் போனாள். ‘சும்மா’ இருந்தது. பக்கத்தில் கிரீடம் இல்லை. அதைத் தொடும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. முகம் சுண்டிப்போயிற்று. யாரும் எதிர்பார்த்த மாதிரி அவள் கத்தவில்லை. ஈரத்துண்டோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன அத்தை, சந்தோஷம்தானே?” என்று மாப்பிள்ளை கேட்டார். பாவம், அவர் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

“மாப்பிள்ளை, நான் உங்களைக் கேட்டேனா?”

“இல்ல அத்தை, நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்களேன்னு...”

“கஷ்டப்பட்டேன். அது என் கஷ்டம். அதை ஏன் எடுத்துக்கிட்டீங்க?”

அண்ணன் குறுக்கே புகுந்தான். “ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா? யாரு முடிச்சா என்ன? முடிஞ்சுதா இல்லையா?”

அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கணீரென்று இருந்தது. “லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

“எந்த லைசென்ஸ்?”

“என் ஸ்கூட்டர் லைசென்ஸ். கல்யாணமான புதுசுல. எட்டு போட்டுக் காட்டணும், கால் கீழ படக் கூடாதுன்னு சொன்னாங்க. காலிமனையில செங்கல் வச்சு மாசம் பூரா போட்டுப் பழகினேன். முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. டெஸ்ட்டுக்குக் கிளம்பி வாசல்ல நிக்கிறேன், நீங்க வந்து கையில லைசென்ஸைக் கொடுத்தீங்க. தெரிஞ்ச ஆள் மூலமா முடிச்சிட்டேன், நீ அலைய வேண்டாம்னு.”

“ஆமா. நல்லதுதானே பண்ணேன்? நீகூடச் சந்தோஷப்பட்டியே.”

“நான் எப்பப் பட்டேன்? நீங்க பட்டீங்க. நான் எட்டு போட்டிருப்பேனா, மாட்டேனா? இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன், இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்துலயும் அதே நினைப்பு வந்து காலை இறக்கிடுறேன்.”

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். பின்னால் உட்கார்ந்து இத்தனை காலம் போயிருக்கிறேன், எனக்கே தெரியாது. அந்தத் தேய்ந்த வலது செருப்பு வாசலில் கிடந்தது. எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன், பாதுகாப்புக்காக.

அண்ணி விளையாட்டின் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். நீக்கவா என்று போன் கேட்டது. “அம்மா! ரெண்டு வருஷம்மா! எல்லாம் போயிடும்!” என்று மகள் பாய்ந்து வந்தாள். “போகட்டும்” என்றாள் அண்ணி. போய்விட்டது. மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். “நீங்க நல்லவரு மாப்பிள்ளை. அதுதான் பிரச்சினையே. கெட்டவனா இருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்.”

பிறகு எங்கள் எல்லோர் கண் முன்னாலும் அதே விளையாட்டை மறுபடி இறக்கினாள். பெயர் கேட்டது. என்னிடம் போனைக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தன் சொந்தப் பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, தானே அடித்தாள். முதல் லெவல் வந்தது. மூன்று குழாய், இரண்டு நிறம். தவழும் குழந்தைகூடப் போட்டுவிடும். அண்ணி அதை அவசரப்படாமல் போட்டு முடித்தாள். கிரீடம் வந்தது. “சாப்பாடு எடுத்து வை, பசிக்குது” என்றாள் என்னிடம்.

அதன் பிறகு அண்ணன் நாலைந்து நாள் யாரோடும் பேசவில்லை. பேசாவிட்டால் யாருக்கு நஷ்டம்? மதிய இடைவேளையில் மட்டும் போனைத் தரவேண்டும் என்று அண்ணி சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு வாங்கினாள். “அந்த அரை மணி நேரம் என்னோடது சார். அதுல நான் தலைகீழாக்கூட நிப்பேன்.” மறுபடி லெவல் லெவலாக ஏறினாள். பழைய லெவல்கள்தான், ஆனால் முன்பு போட்ட வழி பாதி மறந்திருந்தது. மறந்தது நல்லதுதான் என்றாள். பூனை எங்கேயோ உச்சியில் இருந்தது. அண்ணி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு நாள் சாயங்காலம், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன், சுவரைப் பார்த்துக் கேட்கிறவன் மாதிரி, “இப்ப எந்த லெவல்?” என்றான். இரண்டு வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி சொன்னாள். “ஓ” என்றான். மறுநாளும் கேட்டான்.

மழை போய் வெயில் வந்து, வெயிலும் தணிந்தபோது அந்த லெவல் மறுபடி வந்தது. பதினான்கு குழாய், காலியாக ஒன்று. பச்சை அதே இடத்தில் மஞ்சளுக்குக் கீழே பதுங்கியிருந்தது. அண்ணி முன்போலவே மாட்டிக்கொண்டாள். ஆனால் இந்த முறை வீட்டில் நடமாட்டமே வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாப்பிள்ளை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மகள் அம்மாவின் போன் இருக்கும் மேசைப் பக்கமே வரமாட்டாள். விளம்பரச் சத்தம் கேட்டால் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தோம். அது டிவி என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, அண்ணி போனை எடுத்தாள். ஊற்றினாள். ஊற்றினாள். எப்போதும் கடைசிவரை தொடாமல் வைத்திருக்கும் ரோஸ் நிறக் குழாயை முதலிலேயே காலி செய்தாள். எனக்கு அது தப்பாகப் பட்டது, வாயை மூடிக்கொண்டேன். அண்ணன் டிவியை நிறுத்திவிட்டான். பச்சை வெளியே வந்தது. அண்ணியின் விரல் ஒரு கணம் நின்று, பிறகு மடமடவென்று ஓடியது. வண்ணக் காகிதம் கொட்டியது. யாரும் கை தட்டவில்லை, தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணி கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“வண்டிச் சாவி எங்க?”

“எங்க போற?” என்றான் அண்ணன்.

“எட்டு போட.”

தெருமுனையில் இன்னும் கட்டடம் வராத மனை ஒன்று இருக்கிறது. அண்ணியும் நானும் ஆளுக்கொரு செங்கலைத் தூக்கி வந்து வைத்தோம். எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே, சுலபமாக இருக்கும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் செங்கலை நகர்த்தவில்லை. மகளும் மாப்பிள்ளையும் மதில் ஓரம் நின்றார்கள். அண்ணன் பின்னாலேயே வந்து, கையைக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றான். எதிர்வீட்டுப் பால்கனியில் அந்த ‘போன் பைத்தியம்’ கோஷ்டி எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். முதல் செங்கலைச் சுற்றும்போது வலது கால் இறங்கப் பார்த்தது. எனக்கு அது தெரிந்தது, இறங்கவில்லை. நடுவில் குறுக்கே வந்தாள். இரண்டாவது செங்கலுக்கு வளைத்தாள். வண்டி சாய்ந்தது, ஹேண்டில் ஆடியது. அந்தக் கால், அந்தப் பாழாய்ப்போன வலது கால், ஒரே ஒரு நொடி மண்ணைத் தொட்டுவிட்டுப் போயிற்று. மீதி வட்டத்தை அருமையாக முடித்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

என்னால் தாங்க முடியவில்லை. “படல அண்ணி! கால் படவே இல்ல. நான் பக்கத்துலருந்து பாத்தேன்!” என்று கத்தினேன். மாப்பிள்ளையும் வாயைத் திறந்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான்.

“பட்டுச்சு” என்றான். “ரெண்டாவது வளைவுல. நான் பாத்தேன்.”

அவ்வளவு வருஷக் குடித்தனத்தில் அண்ணி அவனைப் பார்த்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“கேட்டியாடி?” என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். “தள்ளி நில்லு. முதல்லருந்து.”